கட் என்று தொடங்கிய படம்

படத்துக்காக மனைவி விட வேண்டிய நிஜக் கண்ணீருக்கு அவள் சொன்ன விலை, ஒரு மாதம் பாத்திரம் கழுவுவது. கிளிசரின் போட்டு அழுவதென்றால் பத்து நாள் போதும் என்று இறங்கியும் வந்தாள். புருஷன்தான் ஒப்பவில்லை. இருபது வருஷமாகக் குழாயும் டைல்ஸும் விற்கிறவர், போலிச் சரக்கை வீட்டிலேயே வாங்குவாரா?

"அசல்தான் வேணும். ஆனா இருபது நாள்" என்றார்.

"இருபத்தஞ்சு. அடிப்பிடிச்ச சட்டியும் சேத்து."

"சரி. சட்டிய ஊற வச்சுக் குடுக்கணும்."

பேரம் படிந்தது. விலை மதிக்க முடியாதது என்று உலகம் கைகூப்புகிற எதையும் நம்ம வியாபாரக் கூட்டம் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, "கடைசியா என்ன சொல்றீங்க?" என்று கேட்காமல் விடாது. கேட்டு வாங்கிய பொருளை உடையாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பதில்தான் கோட்டை விடுவோம்.

அவர் சினிமா கற்கப் போனதே ஒரு பேரத்தில்தான். மருந்துக் கடை ஒன்றின் மாடியில், இரண்டே அறைகளில் நடந்த திரைப்படப் பயிற்சிப் பள்ளிக்குக் குளியலறைக் குழாய்கள் மாட்டிக் கொடுத்தார். பில்லில் பாதிதான் தேறியது. மீதிக்கு என்ன செய்வதென்று பள்ளிக்காரர் தலையைச் சொறிந்தபோது, "சனி ஞாயிறு வகுப்புல ஒரு சீட்டு குடுத்துடுங்க" என்று இவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆயுசு முழுக்க டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவனுக்கு, எடுக்கிறவனைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றுவது இயற்கை. குழாய் வாங்க வருகிறவர்களும் குழாயைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள். வகுப்பில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் மகன் வயது, மகள் வயது. அவருக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்தார்கள். அது மரியாதை என்று முதல் மாதம் முழுக்க நம்பினார்.

மனைவி கல்லூரி நாட்களில் மேடை ஏறி நடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு வாய்த்த மேடை, கல்லாவுக்குப் பின்னால் கிடந்த முக்காலி. "கடைசியில ஒரு ஹால் பிடிச்சு எல்லார் படத்தையும் போடுவாங்க. உன் முகத்தப் பெரிசா காட்டறேன்" என்று முதலாளி சொன்னபோது அவள் "ம்" என்றாள். மறுநாளிலிருந்து பிரிட்ஜைப் பார்த்து வசனம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

கதை அவரே எழுதியது. புருஷன் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டான்; அவன் நாற்காலியைப் பார்த்து ஒருத்தி பேசிப் பேசி, கடைசியில் உடைந்து அழுகிறாள். தலைப்பில் 'மௌனம்' இருந்தது, 'நிழல்' இருந்தது. மாணவர் படத்துக்கு இரண்டும் கட்டாயம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

படப்பிடிப்பு வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. இயக்கம், ஒளிப்பதிவு இரண்டும் முதலாளி. மைக் பிடித்தவன் மச்சினன். அக்காவின் மேல் உயிராக இருக்கிறவன், சம்பளம் கேட்காதவன். கேமரா அரை நாள் வாடகைக்கு வந்திருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலாளி ஒரு தடவை பதிவுப் பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னங்க, அந்தச் செவப்பு என்னையே முறைக்குது. எனக்கு அழுக வராது" என்றாள் மனைவி.

"இரு, அது வாய அடைக்கிறேன்" என்று விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டினார். திரையில் தெரிந்த எண்களும் எழுத்துகளும் படத்தின் அழகைக் கெடுப்பதாகப் பட்டது. அவற்றையும் அணைத்தார். அணைத்தவர் பதிவை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தியதாக நினைத்துக்கொண்டார்.

"ஆக்‌ஷன்!" என்று பொத்தானை அமுக்கினார். கேமரா நின்றது. "கட்!" என்று அமுக்கினார். ஓடத் தொடங்கியது. அன்று பகல் முழுக்க அந்தக் கேமரா, அவர் 'கண்ணைத் திற' என்றபோது மூடியது, 'மூடு' என்றபோது திறந்தது. அது சொன்னபடிதான் நடந்தது. சொன்னவருக்குத்தான் என்ன சொல்கிறோம் என்று தெரியவில்லை.

ஒரு டைல் பெட்டி வந்தால் ஒவ்வொரு டைலையும் விரல் கணுவால் தட்டி, காதை வைத்து விரிசல் பார்க்கிற மனிதர். எடுத்ததை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். வாடகை நேரம் போய்விடுமே என்று பார்க்கவில்லை.

அழுகைக் காட்சி ஒரே டேக்கில் முடிந்தது.

எடிட்டிங்குக்கு இருவர் இருவராகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். முதலாளிக்கு வாய்த்த கூட்டாளியைப் பள்ளியே 'கத்திரி' என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெண்ணின் வேலையைப் பார்த்து வைத்த பெயரா, நாக்கைப் பார்த்து வைத்ததா என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஏசி ஓடாத சின்ன அறையில், இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் முதல் துண்டை ஓட்டினாள். கறுப்பு டேப்போடு ஒரு கை வந்தது. பிறகு முதலாளியின் மூக்குத் துவாரங்கள் வந்தன. "ஆக்‌ஷன்" என்றது குரல். துண்டு முடிந்தது.

"அடுத்தது" என்றார்.

அடுத்த துண்டு "கட்" என்று தொடங்கியது. மச்சினன் மைக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைச் சொறிந்தான். மனைவி தண்ணீர் குடித்தாள். "ஆக்‌ஷன்." முடிந்தது.

அதற்கடுத்ததும் "கட்" என்றே தொடங்கி "ஆக்‌ஷன்" என்றே முடிந்தது. கத்திரி மீதித் துண்டுகளை அவசரமாகத் தள்ளித் தள்ளி ஓட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"முதலாளி, பழத்தக் குப்பையில போட்டுட்டுத் தோல அழகா பேக் பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க."

அவர் திரைப் பக்கம் குனிந்தார். "அழுகை?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"அழுது முடிச்ச மூஞ்சி இருக்கு. அழுகை இல்ல."

அன்றைக்கே வீட்டில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழுதான சரக்கு தலையில் விழுந்தால் 'எங்க தப்பு' என்பது வியாபாரியின் வாயில் கடைசியாக வரும் சொல். "லைட்டு சரியா விழலயாம். அந்த அழுகைய மட்டும் இன்னொரு தடவை எடுத்துடலாமா?" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். "லைட்டா, நானா?"

"சேச்சே, லைட்டுதான்."

சேச்சேயில் ஒரு சே கூடிப்போனதை அவரே உணர்ந்தார். மறுபடி கேமரா வந்தது. இந்த முறை சிவப்பு விளக்குக்கு டேப் இல்லை. அவள் நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். குரல் சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது, கண் மட்டும் வறண்டிருந்தது. இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவை பாதியில் எழுந்து, "விடுங்க. அன்னிக்கே சரியா பண்ணியிருக்க மாட்டேன். மேடையில ஏறி எத்தன வருஷமாச்சு" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். பிரிட்ஜுடன் பேசுவதும் அன்றோடு நின்றது.

மச்சினன் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே, "மாமா, அக்கா அன்னிக்கு நல்லாத்தான பண்ணா?" என்றான்.

"வயர ஒழுங்கா சுத்து" என்றார் மாமா.

பாத்திரங்களை அன்றிலிருந்து மிகவும் பளபளப்பாகக் கழுவினார். அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பிலிருந்து விலகிவிடுவதாகக் கத்திரியிடம் சொல்லப் போனார். அவளோ ஒரு துண்டை ஓட்டி வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத நீங்க முழுசா பாக்கலையே?"

கேமராவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, திரையில் முதலாளி முக்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேமரா நிற்க வேண்டிய அந்த முக்காலியின் ஒரு கால் நீளமாட்டேன் என்றது. அதை வாடகைக்கு விட்டவனிடம் போனில் கால்வாசித் தள்ளுபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மனைவி, அவரைப் போலவே தொப்பையைத் தள்ளிக்கொண்டு, அவரைப் போலவே காற்றில் விரலை ஆட்டி, உதட்டை மட்டும் அசைத்துப் பேரம் பேசினாள். மச்சினன் மைக்கைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். முதலாளி திரும்பினார். ஒரு நொடியில் அவள் முகம் புருஷனைப் பறிகொடுத்த முகமாக மாறியது. "ஆக்‌ஷன்."

"இன்னொண்ணு" என்றாள் கத்திரி. அதில் மனைவி காலி நாற்காலியிடம் ரகசியம் பேசினாள்: "நீங்க ஓடிப்போனீங்க, தப்பிச்சீங்க. நான் இங்க மாட்டிக்கிட்டேன்."

முதலாளி மெதுவாக உட்கார்ந்தார். அவர் சோக நடிகையைத் தேடி அலைந்திருக்கிறார். சிரிக்க வைக்கிறவள் அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறாள்.

"இதுல படம் இருக்கு" என்றாள் கத்திரி. "ஆனா ஒரு கண்டிஷன். எட்டு நிமிஷத்துக்கு மேல ஒரு நொடி கூடாது."

வந்தது வினை. அவருக்கு எதையும் எறிய மனம் வரவில்லை. மச்சினன் முதுகு சொறிந்ததுகூட வாடகை கொடுத்து எடுத்ததாயிற்றே. "இத ஒரு ஓரமா வச்சுக்கலாமே" என்பார். "இது படம், உங்க குடோன் இல்ல" என்பாள். எறியத் துணிந்தபோது அவர் எறிந்ததெல்லாம் தன்னை: தன் தொப்பை, தன் தள்ளுபடிப் பேச்சு, தன் மூக்கு. வெட்டி முடித்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் காரணமே இல்லாமல் காற்றில் விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சிரிப்பு எங்க போச்சு?" என்றார்.

"நீங்கதான் வெட்டி எறிஞ்சீங்க. அவங்க யாரக் கிண்டல் பண்றாங்கன்னு தெரியலன்னா யாரு சிரிப்பாங்க? உங்கள முதல்ல காட்டணும். அப்புறம் அவங்கள. அப்புறம் மறுபடி உங்கள, ஒண்ணும் தெரியாம நிக்கிற உங்கள."

அவர் தன் தொப்பையைத் தன் கையாலேயே திரும்ப எடுத்து ஒட்டினார். எங்கே இரண்டு நொடி கூட நிற்க வேண்டும், எங்கே சிரிப்பு விழுமுன் வெட்ட வேண்டும் என்று கை மெல்லப் பழகியது. தன்னை முட்டாளாகக் காட்டுவதில் இத்தனை நுணுக்கம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. இத்தனை வருஷம் அதைப் பயிற்சியே இல்லாமல் செய்து வந்திருக்கிறார்.

கடைசியாக ஒரு துண்டு மிஞ்சியது. அழுகைக்குப் பிறகு வந்த துண்டு. "கட்" என்ற குரல். மனைவியின் கன்னத்தில் ஈரம். அவள் கேமராவுக்கு அப்பால் நிற்கிறவரைப் பார்த்து, "வந்துச்சா?" என்கிறாள். பதிலுக்கு அவர் குரல்: "மணி ஆவுது, அடுத்தது, அடுத்தது." அவள் அதே இடத்தைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் நிற்கிறாள். பிறகு கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். "ஆக்‌ஷன்."

முதலாளி கத்திரியின் கையிலிருந்த மவுஸைத் தானே வாங்கி, அந்தத் துண்டை இழுத்துப் படத்தின் கடைசியில் வைத்தார். ஒரு நொடியும் வெட்டவில்லை.

"படத்துக்கு முன்னாடி ரெண்டு வரி எழுதி ஒரு கார்டு போடணும். இல்லன்னா என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் புரியாது" என்றாள் கத்திரி.

"'தொழில்நுட்பக் கோளாறால்'னு போடு."

"எது கோளாறு? கேமராவா?"

"'எதிர்பாராத காரணங்களால்'?"

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். பேரத்தில் எதிராளி கையைக் கட்டிவிட்டால் அதற்குமேல் ஒரு காசு இறங்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். தானே தட்டினார்: 'நடிகை நன்றாக நடித்தார். இயக்குநர் பொத்தானை மாற்றி அமுக்கினார். மிஞ்சியது இதுதான்.'

ஹாலில் மனைவி தம்பியோடு இரண்டாவது வரிசையில் இருந்தாள். 'என் மூஞ்சிய அதுல எப்படிப் பாக்கறது' என்று வர மறுத்தவளை மச்சினன்தான் இழுத்து வந்திருந்தான். முதலாளி கதவுப் பக்கம் நின்றார், ஓடுவதற்கு வசதி. கார்டு வந்தது. அவள் தலை அசையவில்லை. மூக்குத் துவாரங்கள் வந்தன, யாரோ களுக்கென்றார்கள். முக்காலி, தொப்பை, காற்றில் ஆடிய விரல். ஹால் சிரிப்பில் குலுங்கியது. வகுப்புப் பிள்ளைகள் திரும்பித் திரும்பி முதலாளியைத் தேடினார்கள். "நான் இங்க மாட்டிக்கிட்டேன்" என்றபோது ஹாலில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள்.

பிறகு, "வந்துச்சா?" என்றாள் திரையில். சிரிப்பு நின்றது. அத்தனை பெரிதாக அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

வெளியே வந்ததும் பலர் அவள் கையைக் குலுக்கினார்கள். யாரும் இவரிடம் வரவில்லை. மச்சினன் பஸ் ஏறிப் போனான். இவர்கள் இருவரும் வண்டியில் வீடு திரும்பினார்கள். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"லைட்டுன்னு சொன்னீங்க."

"ஆமா. பொய்."

"நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன்."

"தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்."

சிவப்பு மாறவில்லை. "அன்னிக்கு நான் எப்படி அழுதேன், சொல்லுங்க பாப்போம். படத்துல இல்லாட்டி என்ன, நீங்க பாத்தீங்கல்ல?"

சொல்வதற்கு அழகான வாக்கியங்கள் நாலைந்து நாக்கு நுனியில் வந்து நின்றன. வியாபாரிக்கு அதற்கா பஞ்சம்? அவர் அத்தனையையும் வெட்டி எறிந்தார்.

"பாக்கல. சுவத்துல இருந்த பிளக் பாயின்ட் படத்துல விழுந்துடுமோன்னு அதையே பாத்துட்டிருந்தேன்."

விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன்கள் அலறின. வண்டி ஒரு தெரு தாண்டியது. அப்புறம், கல்லாவில் மாலைக் கணக்கு வாசிக்கிற அதே குரலில் தொடங்கினாள்.

"வரவு சொல்லுங்க."

"ஹால் நெறைய சிரிப்பு. கைதட்டு."

"யாருக்கு?"

"உனக்கு."

"செலவு?"

"என் மானம்."

"அது சில்லற. விடுங்க. என் தம்பியாவது அன்னிக்குப் பாத்தானா?"

"அவன் கண்ண மூடிட்டு அழுதானாம். அவனும் பாக்கல."

"அப்ப மிச்சம்?"

வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவர் திரும்பாமலே சொன்னார்.

"ஒரு அழுகை. நீ குடுத்துட்டே, யாரும் வாங்கிக்கல."

"யார் பேர்ல பாக்கி?"

"என் பேர்ல."

"எழுதிக்கோங்க" என்று அவள் இறங்கினாள்.