ட்ராக் குரல்

இயக்குநர் என்னைக் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார். ஒலிக்கூடத்தில் எனக்கு வேறு பெயர் கிடையாது. அந்தக் காதுக்கு ஒரு வாயும் உண்டு என்று அவர் கண்டுபிடித்ததுதான் வினையாகப் போனது.

படம் ஒரு மனநோயாளியையும் அவன் வீட்டாரையும் பற்றியது. கிழிந்த சட்டை, பரட்டைத் தலை, காரணமில்லாத சிரிப்பு எதுவும் கிடையாது. “அவனுக்குக் கேக்கிறது நமக்கும் கேக்கணும். அவ்ளோதான் படம்,” என்றார் இயக்குநர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. என் அண்ணனுக்குப் பதினோரு வருடமாக அந்த வியாதி. அவனைப் போன்றவர்களைத் திரையில் இளிக்க வைப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவள் நான்.

அதனால் படத்தில் அவனுக்கு மட்டும் கேட்கும் குரல் பேச வேண்டிய வார்த்தைகளை நானே எழுதிக் கொடுத்தேன். அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னவை அவை. “சாப்பிடாத. கலந்திருக்காங்க. மாத்திரையிலதான் இருக்கு. அம்மாவையும் சாப்பிட விடாத.” அது மிரட்டாது, பாசமாகத்தான் பேசும் என்பதும் அவன் சொன்னதுதான். டப்பிங் கலைஞர் வரும்வரை இடத்தை நிரப்ப, கூடத்தில் இருப்பவர் யாராவது பேசி வைப்பது எங்கள் வழக்கம். ட்ராக் குரல் என்போம். பிறகு அழித்துவிடுவோம். அன்று கையில் வேலை இல்லாமல் இருந்தது நான்தான். பேசி வைத்தேன்.

கலைஞர் வந்தார், பேய்ப் படத்துக்குப் பேசுவது போலப் பேசிவிட்டுப் போனார். “காது, உன்னோடதே இருக்கட்டும். கேட்டா முதுகு சில்லுங்குது,” என்றார் இயக்குநர். மறுத்திருக்க வேண்டும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் தெருமுனையைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது, அவன் எங்கே தியேட்டருக்கு வரப்போகிறான் என்ற தைரியம் வேறு.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் மாத்திரையை நிறுத்தினான். ஆறாவது வாரம் அம்மாவைக் குளியலறையில் பூட்டிவிட்டு, ஒரு பகல் முழுக்கக் கத்தரிக்கோலோடு கதவருகே உட்கார்ந்திருந்தான். அவளைக் காப்பாற்றுகிறானாம். பூட்டை உடைத்து வெளியே கொண்டுவந்தபோது அம்மாவின் உதடு வெடித்திருந்தது. குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள் என்று அவன் வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்ததில், அவளும் பாதி நம்பிக் குடிக்காமல் இருந்திருக்கிறாள். அதன்பிறகு நான் கொடுத்தால் மட்டும் மாத்திரையை விழுங்குவான். வேறு யார் கொடுத்தாலும் துப்பிவிடுவான். எங்கள் வீடு அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியீட்டுக்கு முன் நெருங்கியவர்களுக்கு மட்டும் ஒரு காட்சி ஏற்பாடானது. இயக்குநர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே அம்மாவுக்கு போன் செய்து குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றான்.

“கூட்டமா இருக்கும்ண்ணா. நீ வீட்லயே இரேன்.”

“நீ வேலை பார்த்த படம் பாப்பா. நான் பார்க்காம யாரு பார்ப்பா?”

“அதுல ஒரு குரல் வரும். அது சும்மா, நடிப்பு.”

“நான் என்ன பச்சைக் குழந்தையா?”

யாருடைய குரல் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் ஒரு கோழை.

அரங்கில் நான் திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக் காட்சி வந்தது. அந்தக் குரலைத் திரையிலிருந்து வரவிடாமல் பின்வரிசை ஒலிபெருக்கிகளில் வைத்திருந்தேன். அப்படி வைத்ததற்காக எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவள்தான். ‘சாப்பிடாத’ என்று என் குரல் எங்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னது. அண்ணன் திரும்பினான். முன்வரிசையில் ஒரு பெண்ணும் திரும்பினாள். அவள் கணவர் திரும்பினார். பக்கத்தில் இருந்த அம்மாகூடத் தலையைத் திருப்பினாள். அண்ணன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பிறகு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான். படம் முடியும்வரை அவன் முகத்திலிருந்து புன்னகை போகவில்லை. அவன் கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பாடு எடுத்து வைத்தாள். “நம்ம வீட்டையே பார்த்த மாதிரி இருந்துச்சு. இனிமேலாவது நாலு பேருக்கு நம்ம கஷ்டம் புரியும்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மாத்திரையை நீட்டினேன். அண்ணன் அதை வாங்கி என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து விரல்களை மெதுவாக மடக்கினான்.

“இனிமே வேணாம் பாப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல. அத்தனை பேருக்கும் கேட்டுச்சு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.”

“அண்ணா, அது நான் பேசினது. கூடத்துல, மைக் முன்னால, படத்துக்காக.”

“உன் குரல்னு தெரியாதா எனக்கு? பதினோரு வருஷமா கேக்கிறேனே.”

யாருடைய குரல் என்று டாக்டர் எத்தனையோ தடவை கேட்டும் அவன் வாய் திறந்ததில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

“உள்ள நீ வேணாம்னு சொல்லுவ. எதிர்ல நின்னு வேணும்னு குடுப்ப. ரெண்டும் நீதான். எது நிஜம்னு தெரியாம, கண்ணுக்குத் தெரிஞ்ச உன்னை நம்பி முழுங்கினேன்,” என்றான். குரலில் கோபமே இல்லை. “இன்னிக்குத்தான் தெளிவாச்சு. அம்மாவைப் பூட்டி வச்ச அன்னிக்கே நீ எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாம்.”

“இல்லண்ணா. அது பொய். நான் சும்மா படிச்சது.”

“இப்போ சொல்றதுதான் பொய். பாரு, உன் கை நடுங்குது.”

அம்மா ஒரு வாய் எடுத்து உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். அண்ணன் எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி இறுக்கமாக இருந்திருக்க வேண்டும், அவள் முகம் சுருங்கியது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நீயே அம்மாகிட்ட சொல்லிடு பாப்பா. நான் சொன்னா பைத்தியம்னுவாங்க.”

அம்மாவும் என்னைப் பார்த்தாள். கையிலிருந்ததை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.