அரைச் சுற்று

சக்கரம் கட்டுபவரின் மனைவி இறந்த மறுநாள் அவர்கள் வீடு வலப்பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்தது. தெருவில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருபத்திரண்டு வருடமாக அவர் வலப்பக்கக் கம்பிகளை முறுக்க, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் இடப்பக்கக் கம்பிகளை முறுக்கினாள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால்தான் சைக்கிள் ரிம் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் ஆளில்லாவிட்டால் வீடானாலும் சாயத்தானே செய்யும்.

அவளுக்குப் பாம்புச் செவி. கம்பியை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே முறுக்கின் அளவைச் சொல்லிவிடுவாள். கடைசி நாள், தபால்காரரின் முன்சக்கரத்தைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, உங்க பக்கம் முறுக்கு ஜாஸ்தி. அரைச் சுத்து தளர்த்துங்க" என்றாள். தபால்காரர் எதிரில் சொன்னதுதான் வினை. அரைச் சுற்றென்ன, தன் பக்கத்துப் பதினெட்டுக் கம்பியையும் மொத்தமாகத் தளர்த்திப் போட்டுவிட்டு மனிதர் டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவள் தன் பக்கத்தை முறுக்கி முடித்து, கம்பி முறுக்கும் சாவியும் கையுமாகச் சுவரில் சாய்ந்திருந்தாள். கோபமாக்கும் என்று இவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். செத்துப்போனவளோடு அரைமணி நேரம் பேசாமல் இருந்தார். சாவைக்கூடத் தாங்கிக்கொண்டார், அந்த அரைமணி நேரத்தைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை.

ஏழு வருடம் போனது. அவர் கட்டிய சக்கரமெல்லாம் வலப்பக்கம் கோணின, தபால்காரரின் சக்கரம் மட்டும் இடப்பக்கம் கோணியபடி ஸ்டாண்டிலேயே கிடந்தது. தபால்காரர் மாதம் ஒருமுறை "ஆச்சா?" என்று கேட்டுவிட்டு நடந்தே போவார். கடிதங்கள் ஒரு நாள் பிந்தின, ஊரும் பழகிக்கொண்டது. வீடு ஒரு முழம் சாய்ந்தபோது மகள் வந்தாள்.

"அப்பா, அந்தச் சக்கரத்த முடிங்க. இல்லன்னா என்கூட வந்துடுங்க. வீடு உங்க மேல விழப்போகுது."

"அது உங்கம்மா வெச்ச முறுக்கும்மா. நான் கை வெச்சா மாறிப்போயிடும்."

மறுநாள் காலை, காலியாக இருந்த ஸ்டூல் சரிந்த தரையில் மெல்ல வழுக்கி வந்து அவர் முழங்காலில் முட்டி நின்றது. அவர் அதைத் தூக்கிப் போய் அதன் இடத்திலேயே வைத்தார். எதிரே உட்கார்ந்து பதினெட்டுக் கம்பியையும் முறுக்கினார்.

"அரைச் சுத்து கம்மியாத்தான் வெச்சிருக்கேன். சுண்டிப் பாரு" என்றார்.

அரைமணி நேரம் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சுண்டவில்லை. ரிம் நடுவில் நின்றது, வீடு ஒருமுறை முனகிவிட்டு நிமிர்ந்தது. ஏழு வருடமாகச் சாத்த முடியாத கதவை மகள் சாத்திப் பார்த்தாள், சாத்திக்கொண்டது.

தபால்காரர் வந்து சக்கரத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் முறுக்கிய கம்பிகள் தெருமுனையில் திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்று அழுதார். மறுநாளிலிருந்து கடிதங்கள் நேரத்துக்கு வந்தன.