கேட்காமல் விட்ட துட்டி

எம். புதுப்பட்டி தேவாலயத்து வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் ஜெபக்கனியின் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது. இப்போது நின்றது பட்டாசுக் கம்பெனி வேன். எவ்வளவு கழுவியும் போகாத அலுமினியத் தூள் மினுங்கும் கைகளோடு பெண்கள் இறங்கி, மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து அவரவர் பிள்ளைகளைப் பிரித்து இழுத்தார்கள். பிள்ளைகள் வர மறுத்தன. ஈப்போவிலிருந்து வந்த அக்கா அண்ணன்மார் கற்றுக்கொடுத்த பாட்டுக்கு இன்னும் ஒரு தடவை ஆட வேண்டுமாம். கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேரும் வியர்வையில் ஊறிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. முத்துமாரி மட்டும் வரவில்லை.

கனி சிவகாசிக்காரி. கல்யாணமாகி மலேசியாவின் ஈப்போவுக்குப் போய் இருபது வருசத்துக்கு மேலாகிறது. அங்கே ஒரு கல்லூரியில் ஆசிரியை, கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்துக்குப் பொறுப்பாளர். இந்த வருச ஊழியப் பயணத்துக்குக் கமிட்டியில் எல்லோரும் கம்போடியா என்றார்கள். கனி ஒற்றைக் காலில் நின்று சிவகாசி என்று முடித்துவிட்டாள். பாதி ஆண்டவருக்காக. மீதிப் பாதி, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்திகாவுக்காகவும் முத்துமாரிக்காகவும். இது ஆண்டவருக்குத் தெரியாததா என்ன? அவர் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபணை முத்துமாரியின் ஊரான ஆமத்தூரில்தான் இருந்தது போலிருக்கிறது. இறங்கிய அன்றே போன் செய்தால், "காட்டுல வேலை கிடக்குங்க" என்று வைத்துவிட்டாள் முத்துமாரி. அந்த "ங்க" கனிக்குத் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. இப்படியே ஊர் திரும்பினால், இருந்த இரண்டு தோழிகளில் ஒருத்தி இல்லை என்றாகிவிடும்.

அன்று சாயந்திரம் சித்திகா ஸ்கூட்டியில் ஒரு தூக்குச் சட்டி நிறைய பிரியாணியோடு வந்தாள். அவள் வீட்டுக்காரர் சாதிக் பாட்சாவுக்குச் சிவகாசியில் காலண்டர் வியாபாரம். சீசன் நேரத்திலும் கடையை அவர் தலையில் கட்டிவிட்டு இவளைப் பார்க்க ஓடி வருகிறாள். கனி விசயத்தைச் சொன்னதும் சித்திகா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, பஞ்சம்மா பெரியம்மாவுக்கு நீ துட்டி கேட்டியா?"

"போன்ல பேசினேனே. எம்புட்டு நேரம் அளுதேன் தெரியுமா?"

"போன்ல அளுதா ஆச்சா? முத்துமாரியோட அம்மா செத்து ரெண்டு வருசம் களிச்சு ஊருக்கு வந்தவ, அந்த வீட்டு வாசப்படிய மிதிக்காம, இங்கன பாட்டும் ஆட்டமுமா இருக்கே. அங்க வா, இங்க வான்னு அவளையே கூப்பிடுறே. அவ எப்படி வருவா? துட்டி கேக்காதவ கிட்ட பேச்சு ஏது?"

கனி பிறந்த மண்ணில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செத்த வீட்டுக்கு உடனே போக முடியாதவர்கள் எத்தனை வருசம் கழித்தானாலும் போய், உட்கார்ந்து, கட்டிப்பிடித்து அழுது துக்கம் கேட்டாக வேண்டும், அதுதான் துட்டி. மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். அவளுக்கு மறந்துபோகவில்லை. ஒப்பாரி வைப்பது நம்பிக்கை இல்லாதவர்களின் காரியம், விசுவாசிகள் நம்பிக்கையோடு துக்கப்பட வேண்டும் என்று புறப்படுவதற்கு முந்தின வாரம்கூட மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தவள் அவள். போன் போதும் என்று மனசைச் சமாதானப்படுத்தியதில் அந்தக் கூச்சத்துக்கும் பங்கு இருந்தது.

தனியாகப் போய்விட்டு வந்துவிடலாமென்றுதான் நினைத்தாள். ஆனால் இருந்ததோ ஒரே வேன். மறுநாள் காலை சிவகாசிக்குச் சாமான் வாங்கப் போகிற வழியில்தான் ஆமத்தூருக்குத் திரும்ப முடிந்தது. சித்திகாவும் ஏறிக்கொண்டாள். போகும்போதே கனி மாணவர்களிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் நுழையும்போது யாரும் சிரிக்கக் கூடாது, வணக்கம் சொல்லக் கூடாது.

"ஜெபம் பண்ணுவோமா டீச்சர்?" என்று கேட்டாள் ஜொவீனா, குழுவில் துடுக்கான பெண்.

"இல்லம்மா. சும்மா உட்கார்ந்திருங்க."

முத்துமாரி வாசலிலேயே நின்றாள். கொஞ்சம் பெருத்திருந்தாள். "வாங்க" என்றாள் பொதுவாக, வேனைப் பார்த்து. நடு வீட்டில் பஞ்சம்மாளின் படம் மாட்டியிருந்தது. படத்திலும் யாரையோ அதட்டப் போகிற முகம்தான். கனி அதைப் பார்த்தாள், பிறகு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த ஒன்பது முகங்களைப் பார்த்தாள். என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று படத்தடியில் தரையில் உட்கார்ந்துவிட்ட முத்துமாரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி முத்துமாரி குரலெடுத்தாள்.

"எம்மா... சீமைக்குப் போன மக வந்திருக்கா பாரும்மா... போன்ல அளுதுட்டு விட்டவ, இப்ப நேர்ல வந்திருக்கா பாரும்மா... கடைசி நாளும் கனி எங்கன்னு கேட்டியேம்மா..."

திட்டும் அழுகையும் ஒரே ராகத்தில் வந்தன. கனிக்கு ஒப்பாரி தெரியாது. "என்னைத் திட்டுறதுக்கு இனிமே யாரு இருக்கா பெரியம்மா" என்று ஒரு வரிதான் வாயில் வந்தது, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். வகுப்பெடுத்த வாயா இது என்று அவளுக்கே தோன்றியது. தோன்றிவிட்டுப் போகட்டும்.

பிறகு சட்டென்று முத்துமாரி மூக்கைச் சிந்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏட்டி, இந்தப் பிள்ளைக காப்பிக்குச் சீனி போட்டுக் குடிக்குமா, கருப்பட்டியா?" என்றாள். ஏட்டி என்றுவிட்டாள். கனிக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. சித்திகா எழுந்து உரிமையோடு அடுப்படிக்குப் போனாள். மாணவர்களின் படிப்பு, கனியின் நரை, இந்த வருச மக்காச்சோள விலை என்று பேச்சு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்று முத்துமாரி தானாகவே சொன்னாள்.

காப்பி வந்தது. கனி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது முத்துமாரி அதைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"ஒங்க அய்யாவுக்கு நான் இன்னும் கேக்கலையே."

"அது கொரோனா நேரம் மாரி. எத்தனை வருசம் ஆச்சு."

"ஆனா என்ன? கேக்காதது கேக்காததுதான."

மகளோடு வந்து தங்கியிருந்த அப்பா ஈப்போ ஆஸ்பத்திரியில் இறந்தபோது அடக்கத்துக்கு நாலு பேரைத்தான் விட்டார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வேத வசனம் வாசித்து, கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த எல்லோருக்கும் பிசிறில்லாத குரலில் நன்றி சொன்னாள் கனி. என்ன விசுவாசம் என்று சபையே மெச்சியது. யாரும் அவளைத் தொடவில்லை, தொடக் கூடாத காலம் அது.

முத்துமாரி அவள் தோளை வளைத்துப் பிடித்தாள். "அய்யா... மூணு பேரையும் ஒரே சைக்கிள்ல வச்சு மிதிச்ச அய்யா... ஒத்தையில போனீகளே அய்யா..."

கனியின் வயிற்றுக்குள்ளிருந்து அவளுக்கே பழக்கமில்லாத ஒரு சத்தம் கிளம்பியது. தடுக்கவில்லை. அழ அழ உடம்பு லேசானது, அம்புட்டுச் சுகமாக இருந்தது. சித்திகாவும் தட்டை வைத்துவிட்டு மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். டம்ளரைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்த மாணவர்களைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "குடிங்க பிள்ளைகளா, ஆறிப்போகும். இது இப்போதைக்கு முடியாது."

எட்டுப் பேர் குடித்தார்கள். ஜொவீனா மட்டும் டம்ளரைச் சுவரோரம் வைத்துவிட்டு, முழங்காலால் தவழ்ந்து வந்து, டீச்சரின் முதுகில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, பிறகு வைத்தாள்.