மூஞ்சி வச்சுப் பாத்த போர்வை

எல்லாருக்கும் வணக்கம் பிள்ளைகளா. சொகமா இருக்கியளா? இந்த வருசம் சாரல் கொஞ்சம் முன்னாடியே பிடிச்சிட்டு, வீட்டுக்கு வீடு இருமச் சத்தந்தான் கேக்கு. சுக்குத்தண்ணி போட்டுக் குடிங்க. முட்டு வலிக்காரங்க ஈரத்தரையில வெறுங்காலோட நடக்காதிய. சரி, சொல்ல வந்ததச் சொல்லிருதேன், இல்லன்னா வைத்தியம் பேசியே பொழுது போயிரும்.

இலஞ்சியில காளீஸ்வரின்னு ஒருத்தி. வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். குவைத்துல ஒரு பெரிய வீட்டுல பதினோரு வருசம் வேலை பாத்துட்டு, போன தையிலதான் ஊருக்கு வந்தா. அந்த வீட்டு மேடத்துக்கு ரோமச் சாமான்னா உசுரு. கோட்டு, தோள்ல போடுதது, கட்டில்ல விரிக்கது, எல்லாமே மிருகத்து ரோமம். அதுக்குன்னே ஏசி போட்டுத் தனி ரூம் வச்சிருந்திருக்கா. பெருக்க, சமைக்க, துணி துவைக்கன்னு வேற ஆளுக இருந்தாலும் அந்த ரூம் சாவி மட்டும் காளீஸ்வரி இடுப்புலதான். மேடம் புதுசு வாங்கினாலும் சரி, யாராவது பழசு கொண்டாந்து நீட்டினாலும் சரி, "காளி, வா"ன்னு இவளக் கூப்பிட்டுக் காட்டித்தான் முடிவு பண்ணுவாளாம். இவ நல்லதுன்னா நல்லது, சொத்தைன்னா சொத்தை. அப்படி ஒரு பேரு.

ஊருக்கு வந்த பொறவு அந்தச் சாவிய மறக்க முடியல அவளால. குத்தாலத்துல லாட்ஜு லாட்ஜா ஏறி இறங்கினா. எல்லாவனும் வாளியவும் மாப்பையுந்தான் நீட்டுதான். "அக்கா, பாத்ரூம் கழுவுததுன்னா இன்னைக்கே சேந்துக்கோங்க"ங்கான். பதினோரு வருசம் வெளிநாட்டுல இருந்தவன்னு சொன்னா, "அங்கனயும் இதானக்கா செஞ்சிருப்பிய"ங்கான் ஒருத்தன். இவ படி இறங்கி வந்துட்டா.

அப்பத்தான் சண்முகசுந்தரி ஆச்சி ஆள் விட்டா. தென்காசியில பழைய நெலக்காரங்க, கோயில்ல பரிவட்டம் கட்டுத குடும்பம். வீட்டுக்காரர் போன பொறவு, ஐந்தருவி ரோட்டுல கெடந்த தோட்டத்து வீட்டச் சீசனுக்குள்ள ஹோம் ஸ்டே ஆக்கிருவேன்னு நிக்கா. கூடமாட ஒத்தாசைக்கு அண்ணன் மக அபர்ணா. மெட்ராசுல படிச்ச புள்ள, எப்பவும் கையில போனு.

அந்தப் புள்ளதான் போன்ல ஒரு படத்தக் காட்டியிருக்கா. ஏதோ மலைமேல இருக்க ஓட்டலு, கட்டில் கால்மாட்டுல புசுபுசுன்னு ஒரு ரோமப் போர்வை.

"அத்தை, நம்ம பெரிய ரூம்ல இந்த மாதிரி ஒரு ஃபர் த்ரோ போட்டா போட்டோவுல அள்ளிரும்."

"த்ரோன்னா எறியுதது இல்லட்டி?"

"அதுக்குப் பேரே அதான் அத்தை. சும்மா எறிஞ்சாப்புல கெடக்கணும்."

"காசக் குடுத்து வாங்கி எறியவா? நல்ல கூத்தா இருக்கே!"

சிரிச்சாலும் ஆச்சிக்கு ஆசை பிடிச்சிட்டு. புதுசு வாங்குனா யானை வெலை. அந்த நேரத்துல, குத்தாலத்துல லண்டன் டாக்டர் பங்களான்னு சொல்லுவாங்கல்லா, அங்கன சாமானெல்லாம் விக்காங்கன்னு தகவல் வருது. டாக்டரும் இல்ல, டாக்டரம்மாவும் போயாச்சு, மகன் அமெரிக்காவுல இருந்துக்கிட்டே வித்துருங்கன்னுட்டான். அதுல ஒரு ரோமப் போர்வையும் இருக்காம். நெசமா டூப்பான்னு யாருக்குத் தெரியும்? காளீஸ்வரிக்குத் தெரியும்.

"நீ கூட வந்து பாத்துச் சொல்லுட்டி"ன்னா ஆச்சி. "நல்லபடியா அமைஞ்சிதுன்னா ஹோம் ஸ்டே சாவி ஒங்கிட்டதான். ஆளு வந்தா ரூம் தொறந்து விடுதது, விரிப்பு தலையணை எடுத்துக் குடுக்கது, எல்லாம் நீ பாத்துக்க. கழுவ வேற ஆளு போட்டுக்கிடலாம்."

காளீஸ்வரி அன்னைக்கி, குவைத்துல இருந்து வரும்போது மேடம் குடுத்த சேலைய இஸ்திரி போட்டுக் கட்டிக்கிட்டு வந்தா. இடுப்புல சாவி சொருகுத எடத்த ரெண்டு தரம் தொட்டுப் பாத்துக்கிட்டாளாம். சிரிக்காதிய. அவளுக்கு அது அவ்வளவு பெரிய விசயம்.

பங்களாவுல காவல் இருக்கது ஆவுடைநாயகம். அறுவது வயசு ஆளு. பழைய வேட்டியில சுத்தி வச்சிருந்த பொதியக் கொண்டாந்து மேசையில பிரிச்சாரு. கருப்பட்டி நெறத்துல, கட்டில் அகலத்துக்கு, அப்படியே மினுங்குது. அபர்ணா "வாவ்"ன்னு போன நீட்டிட்டா.

"டாக்டரம்மா லண்டன்ல வாங்கினது"ன்னாரு அவரு. "கடைசி மூணு மாசமும் இதத்தான் போத்திக் கெடந்தாவ. போன மார்கழியில, இதுக்குள்ளயேதான்..."ன்னு இழுத்தவரு, வாயில வந்ததச் சொல்லிட்டமேன்னு நாக்கக் கடிச்சிக்கிட்டாரு.

காளீஸ்வரிக்குத் திக்குன்னுச்சு. ஆச்சி வீடு எப்பேர்ப்பட்ட ஆசாரமான வீடு! துட்டின்னு செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்கு ஊத்தாம நடையில கால் வைக்க மாட்டாங்க. மெல்ல, "ஆச்சி, செத்தவங்க போத்துனதாம்லா?"ன்னா.

"அதனால என்னட்டி?"ன்னா ஆச்சி, ஒரு கவலையும் இல்லாம. "ரோமத்துக்குத் தீட்டே கெடையாது. கம்பளி, பட்டு, ரோமம், இதெல்லாம் எப்பவும் சுத்தம். எங்க மாமனார் மான்தோல்ல உக்காந்துதான் பூசை பண்ணுவாவ. நீ சாமானப் பாரு."

"அப்படிச் சொல்லுங்க ஆச்சி"ன்னு ஆவுடைநாயகம் மூச்சு விட்டாரு.

காளீஸ்வரி ஆரம்பிச்சா. அவ பாக்குத அழக ஆவுடைநாயகமே வாயத் தொறந்து பாத்துக்கிட்டு நின்னாராம். மொதல்ல குனிஞ்சு மோந்து பாத்தா. மேல பாச்சா உருண்டை வாடை. அதுக்கு அடியில லேசா ஊசினாப்புல ஒரு வாடை, பெரிசா இல்ல. பொறவு ஒரு எடத்துல வாய வச்சு ஊதினா. நீள ரோமம் ரெண்டு பக்கமும் சாய, அடியில பஞ்சாட்டம் குட்டை ரோமம் தெரியுது. டூப்புன்னா அடியில வெறும் துணிதான் தெரியும். ஒரு ரோமத்த உருவி, ஆவுடைநாயகத்துட்ட தீப்பெட்டி வாங்கிப் பத்த வச்சா. முடி பொசுங்குத நாத்தம்.

"நெசந்தான் ஆச்சி."

ஆச்சி மூஞ்சி மலந்துட்டு. "நல்லாப் பாருட்டி, நல்லாப் பாரு."

இனி ரோமம் உசுரோட இருக்கா, வறண்டு போச்சான்னு பாக்கணும். அதத் தொட்டாத்தான் தெரியும். ஆனா காளீஸ்வரி விரலுக்கு ஒண்ணும் தெரியாது. ரோம ரூமு போக, மேடம் வீட்டுப் பாத்ரூமும் இவதான் கழுவினா; பதினோரு வருசம் பிளீச்சிங் தண்ணியில கெடந்து நுனியெல்லாம் தேஞ்சு போச்சு. ரேசன் கடையில கட்டவெரல வச்சா மிசின்ல ரேகையே விழாது. "இன்னொருக்க வைங்கக்கா, தொடச்சிட்டு வைங்கக்கா"ன்னு கடைக்காரன் படுத்துவான், பின்னால நிக்கவங்க மொனங்குவாங்க. அதனால குவைத்துலயே அவ கன்னத்தாலதான் பாப்பா. மேடமே "கன்னத்த வச்சுச் சொல்லு"ம்பாளாம். அந்தப் பழக்கத்துல இங்கனயும் போர்வைய ரெண்டு கையாலயும் தூக்கி, கண்ண மூடிக் கன்னத்த வச்சா.

ரோமம் அம்சமா இருக்கு. ஆனா மடங்கின எடம் காதுக்குப் பக்கத்துல இருந்திச்சுல்லா, உள்ள இருக்க தோலு மொறமொறன்னு சத்தம் போடுது. அப்பளத்த மெல்ல ஒடிச்சா எப்படிக் கேக்கும், அந்தச் சத்தம். அவ ஒருத்திக்குத்தான் கேட்டுச்சு. தோலு செத்துப் போச்சு. மேல மினுங்குதே தவிர உள்ள ஒண்ணுமில்ல. சாரல் காத்துல ஒரு மாசம் கெடந்தா நாறும், ரெண்டு பேரு உக்காந்து எந்திரிச்சா கிழியும். வேண்டாம் ஆச்சின்னு சொல்லத்தான் வாயெடுத்தா.

"ஏட்டி! மூஞ்சியவா வச்ச?"

கண்ணத் தொறந்தா, ஆச்சி ரெண்டடி தள்ளி நிக்கா.

"கை மரத்துப் போச்சு ஆச்சி, கன்னத்துல வச்சாத்தான்..."

"அதுக்கு? நாளைக்கி நாங்க பொழங்கப்போற சாமான்ட்டி அது. எங்க ஆளுக வந்தா அந்தக் கட்டில்லதான படுப்பாங்க? கையால பாருன்னா, எச்சியும் வேர்வையுமா மூஞ்சியத் தேய்ச்சு வச்சிருக்கியே!"

"எச்சி படல ஆச்சி."

"படல. நீதான் பட்டிருக்கியே."

ஆவுடைநாயகம் ஓடாத ஃபேன அண்ணாந்து பாக்காரு. அபர்ணா போன்ல இருந்து தலைய எடுக்காம, "அத்தை, விடுங்களேன்"ன்னா. அவ்வளவுதான் அவளால முடிஞ்சது.

காளீஸ்வரி போர்வைய மெல்லக் கீழ வச்சா. "ரோமத்துக்குத் தீட்டு கெடையாதுன்னு இப்பத்தான ஆச்சி சொன்னிய?"

"அது செத்தவங்களுக்குச் சொன்னதுட்டி."

எப்படி இருக்கு பாத்தியளா? மூணு மாசம் நோயில கெடந்து, அதுக்குள்ளயே உசுர விட்ட உடம்போட தீட்டு ஒட்டலையாம். குளிச்சு முழுகி, இஸ்திரிச் சேல கட்டி வந்தவ கன்னம் ஒட்டிக்கிட்டாம்.

பொறவு ஆச்சியே, ஒண்ணும் நடக்காத மாதிரி, "சரி, அத விடு. சாமான் எப்படின்னு சொல்லு. அங்கன நின்னே சொல்லு"ன்னா.

அந்த மொறமொறச் சத்தம் காளீஸ்வரி காதுக்குள்ள இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. ஆச்சியப் பாத்தா. போர்வையப் பாத்தா.

"அம்சமா இருக்கு ஆச்சி. கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

பதினோரு வருசத்துல ஒரு சாமானப் பத்தி அவ சொன்ன மொதப் பொய் அதுதான்.

ஆச்சி எடுத்துட்டா. எடுத்தவ சும்மா இருந்தாளா? ஆவுடைநாயகத்த விட்டே காருல வைக்கச் சொல்லி, தோட்டத்து வீட்டுக்குக் கொண்டு போயி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, மூணு நாள் உச்சி வெயில்ல காயப் போட்டா. தோலுக்குத் தண்ணியும் ஆகாது, வெயிலும் ஆகாது. ஏற்கெனவே செத்த தோலு அது. காளீஸ்வரி கொடியில கெடந்ததப் பாத்தா. வாயத் தொறக்கல. அவகிட்ட யாரும் கேக்கவும் இல்ல.

சாவி? அது அபர்ணா இடுப்புக்குப் போயிட்டு. "எதுல எங்க மூஞ்சிய வைப்பியோன்னு இருக்குட்டி எனக்கு. நீ வெளிப் பாத்ரூமப் பாத்துக்க"ன்னுட்டா ஆச்சி. வேற வழி இல்ல, வீட்டுல அடுப்பெரியணும்லா. வாளிய எடுத்துக்கிட்டா.

ஆடி பொறந்து சீசன் உச்சத்துக்கு வந்துச்சு. மெட்ராசுல இருந்து ஒரு குடும்பம் பெரிய ரூம்ல தங்கிச்சு. ரெண்டாம் நாளு காலையில அந்த அம்மா வெளிய வந்து நிக்கா, போட்டிருந்த ஸ்வெட்டர் பூரா ரோமம். "ரூம்ல ஏதோ செத்து நாறுது"ங்கா. போயிப் பாத்தா, அவ வீட்டுக்காரர் அதுல உக்காந்து எந்திரிச்சதுல போர்வை நட்டநடுவுல கிழிஞ்சு தோலு உதுந்து கெடக்கு. அவங்க காசத் திருப்பி வாங்கிக்கிட்டு அப்பமே கெளம்பிட்டாங்க.

"காளி!"ன்னு ஆச்சி போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டுச்சு. அபர்ணா மூக்கப் பொத்திக்கிட்டு வாசல்ல நிக்கா.

"சவம், நாத்தம் கொடலப் புடுங்குது. இத எடுத்துக்கிட்டுப் போயி எங்கயாவது தூரப் போடுட்டி."

காளீஸ்வரி வாளியோட நின்னா. "நான் தொடலாமா ஆச்சி?"

"கெட்டுப் போனதுதானட்டி, தொடு"ன்னா ஆச்சி.

காளீஸ்வரி வாளியக் கீழ வச்சா. "நல்லா இருக்கையில நான் தள்ளி நிக்கணும், நாறிப் போனா நான்தான் எடுக்கணுமா? ரோமத்துக்குத் தீட்டு கெடையாது ஆச்சி, நீங்களே எடுங்க. அதுக்குப் பேரே த்ரோதான. எறிங்க."

சொல்லிட்டுச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டே எறங்கி நடந்துட்டா.

நல்லாக் குடுத்தான்னு தோணுதுல்லா? எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா கதை அங்கன முடியலையே. ஆச்சி சும்மா இருப்பாளா? இலஞ்சி, தென்காசி, பண்பொழி வரைக்கும் சொந்தக்காரங்க வீட்டுலயெல்லாம் சொல்லிட்டா. "காளிக்கு ஒரு எழவும் தெரியாது. குவைத்துல கக்கூசுதான் கழுவியிருக்கா. அவ பேச்சக் கேட்டு ஏமாந்தேன்"ன்னு. இப்ப அவள எந்த வீட்டுலயும் ஒரு சாமானப் பாக்கக் கூப்பிட மாட்டாங்க. லாட்ஜுலயும் அதே வாளிதான்.

அவ என்னன்னு பதில் சொல்லுவா? எனக்குத் தெரியும், அன்னைக்கே தோலு ஒடிஞ்ச சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னா, தெரிஞ்சே பொய் சொன்ன சண்டாளின்னு ஆயிரும். சொல்லலன்னா ஒண்ணும் தெரியாதவன்னு ஆயிரும். பதினோரு வருசம் கை ரேகை தேயத் தேயச் சம்பாதிச்ச பேரு, இப்படியும் இல்ல அப்படியும் இல்லன்னு போச்சு. போன வாரம் ரேசன் கடை வரிசையில ஒருத்தி ஆச்சி சொன்னத அவ காதுபடவே சொல்லிச் சிரிச்சாளாம். காளீஸ்வரி திரும்பிக்கூடப் பாக்காம, விழாத ரேகைய மறுபடி மறுபடி மிசின்ல அழுத்திக்கிட்டே நின்னாளாம்.

நீங்களா இருந்தா அன்னைக்கி என்ன சொல்லியிருப்பிய பிள்ளைகளா? வேண்டாம் ஆச்சின்னு உண்மையச் சொல்லியிருப்பியளா, இல்ல அவள மாதிரிதானா? உங்களையும் யாராவது வேலைக்குக் கூப்பிட்டு, தொட்டதுக்குத் தள்ளி நிறுத்தியிருக்காங்களா? நடந்தத நடந்தபடி கீழ எழுதுங்க. பேரு போட யோசனையா இருந்தா பேரு போடாம எழுதுங்க, நான் ஒண்ணு விடாம வாசிப்பேன்.