பன்னிரண்டு ஓட்டைகள்

ஜெகபர் சாதிக் தன் சிவப்புக் காரை யாரையும் தொடவிட மாட்டார். மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருபத்தெட்டு வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். கடைச் சாவியை வேலையாட்களிடம் கொடுப்பார், கல்லாப் பக்கம்கூட அவர்களை நிற்க விடுவார், ஆனால் கார்ச் சாவி மட்டும் அவர் பெல்ட்டைவிட்டு இறங்காது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் போகும் முன் அதைக் கடையின் பின்சந்தில் நிறுத்தி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயைப் பிடித்து அவரே கழுவுவார். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று மனைவி ஆரிஃபா சொல்லிக் காட்டுவாள். அவருக்குக் கோபம் வராது, சிரிப்பார். அந்தக் கார் பேச்சில் அவருக்கு வரும் கோபமெல்லாம் ஒரே ஒரு ஆள் மேல்தான்.

அந்த ஆள் அவருடைய தம்பி ஷாநவாஸ். பதினெட்டு வயது இளையவன், அண்ணனை 'நானா' என்று கூப்பிட்டுக் கடையிலேயே வளர்ந்தவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஜெகபர் உம்ரா போயிருந்த நேரம், கடைக்குப் புது மேசைகள் செய்யச் சொல்லி மூவாரில் ஒரு பட்டறையில் கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்துவர வேண்டியிருந்தது. கடை வேன் பழுதாகி நின்றது. அவர் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்த சிவப்புக் காரின் சாவியை ஆரிஃபா எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு என்று பார்த்து மூவாரில் பெருமழை. கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டு ஆற்றுத் தண்ணீர் சாலைக்கு ஏறிவிட்டது. ஷாநவாஸ் மெல்ல உருட்டிக் கரை சேர்த்து, பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

மக்காவிலிருந்து திரும்பிய ஜெகபர் கார்க் கதவைத் திறந்து காலை வைத்தார். கார்பெட் நசநசவென்று ஈரம். மூக்கில் முடைநாற்றம். அவ்வளவுதான், இறைவனிடம் கையேந்தி ஹாஜத்து கேட்டு அழுதுவிட்டு வந்த மனுஷன் ஒரே நிமிடத்தில் வேறு ஆளாகிவிட்டார்.

"உப்புத் தண்ணியில முக்கி எடுத்திட்டு வந்திருக்கியேடா!"

"இல்ல நானா. தண்ணி உள்ள வரவே இல்ல. சக்கரத்துல பாதிகூட ஏறல. கார்பெட் நான் எடுக்குறப்பவே ஈரமாத்தான் இருந்திச்சு."

"அப்ப நான் பொய் சொல்றனா? இனி உன் கை என் சாமான் மேல படக்கூடாது. இந்தக் கடையும் என் சாமான்தான். தெரிஞ்சுக்க."

மதியச் சாப்பாட்டுக் கூட்டத்துக்கு நடுவில் சொன்னார். ரொட்டி போடுகிறவன் மாவை வீசாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஷாநவாஸ் ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, தேத்தண்ணி ஆற்றும் மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். இப்போது தினமும் எல்லை தாண்டிப்போய்ச் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறான். பக்கத்து ஊரான கூலாயில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். அண்ணன் வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. மிதிக்கச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

இப்போது ஜெகபரின் மகள் ஃபரீஹாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை மூவார்க்காரர். ஒரு மாதம்கூட இல்லை. என்னம்மா வேணும் கேள் என்று ஆசையாகக் கேட்டவரிடம் அவள் தயங்காமல் சொன்னாள்: "ஷாநவாஸ் சாச்சா வரணும் வாப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

ஆரிஃபாவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும் நின்று பிடுங்கியதில் ஜெகபர் ஒரு தீர்ப்புச் சொன்னார். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே, காரில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் போகிற கார் அப்படி இருக்கலாமா? எப்படியும் பட்டறைக்குப் போயாக வேண்டும்.

"தகரத்தை வெட்டிப் பாக்கட்டும். உள்ள ஆத்துச் சேறு, உப்பு இருந்திச்சுன்னா அவன் பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. இல்லன்னா நானே நேர்ல போய் அவனைக் கூப்பிடுறேன். அல்லாஹ் மேல ஆணை."

சேறு இருக்கும் என்பதில் அவருக்கு மயிரிழை சந்தேகமும் இல்லை. இருந்திருந்தால் ஆணையிட்டிருக்க மாட்டார்.

செடெனாக்கில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலையில் இருந்தது குணாளனின் பட்டறை. பழைய கார்களுக்குத் தகரம் வெட்டி ஒட்டுவதில் கைதேர்ந்தவர், வாய் கொஞ்சம் நீளம். கொப்பளத்தைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரின் பிடியால் கதவுக்குக் கீழே வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் டங் டங் என்றது. பின்பக்கம் வந்ததும் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் சத்தம் செத்துவிட்டது. ஸ்குரூ டிரைவரைத் திருப்பி முனையால் லேசாக அழுத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது.

"அலமாக்! பாய், இது கொப்புளம் இல்ல. உள்ள ஒண்ணுமே இல்ல."

"வெளிய பளபளன்னுதானே இருக்கு? வாரா வாரம் கழுவுறேன்."

"துரு உள்ளேர்ந்து தின்னுட்டு வந்திருக்கு. கடைசியாத்தான் வெளிய எட்டிப் பாக்கும்." குணாளன் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கினார். "இப்ப கதவைச் சாத்துங்க."

கதவு மூடிக்கொள்ளவில்லை. விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா? காடியே வளையுது. மேல கூரை இல்லாத காடி. அந்தப் பக்கம் ஒரு பொட்டி, இந்தப் பக்கம் ஒரு பொட்டி, கதவுக்குக் கீழ நீளமா ஓடுதே, சில்னு சொல்வோம், அந்த ரெண்டும்தான் காடியையே தாங்குது. இதை வச்சிக்கிட்டு எங்கயாச்சும் மோதியிருந்தீங்கன்னா ரெண்டா மடிஞ்சிருக்கும் லா."

ஜெகபருக்கு ஒன்பது வருடக் கோபம் புதிதாக ஊறி வந்தது. "எல்லாம் என் தம்பி செஞ்ச வேலை. மூவார்ல உப்புத் தண்ணியில விட்டுட்டான். வெட்டுங்க. சேறு இருக்கும், எடுத்துக் காட்டுங்க."

குணாளன் அடியில் படுத்து விளக்கைப் பிடித்தார். பிறகு அங்கிருந்தே கேட்டார்: "பாய், இந்த ஓட்டையெல்லாம் யாரு அடைச்சது?"

"எந்த ஓட்டை?"

"சில்லுக்கு அடியில பக்கத்துக்கு ஆறு ஓட்டை இருக்கும். கம்பெனியே போட்டு விடுறது. கூரைத் துணியில விழுற தண்ணி சீட்டுக்குப் பின்னால ஒரு குழாய் வழியா எறங்கி, இந்தப் பொட்டிக்குள்ள வந்து, இந்த ஓட்டை வழியா வெளிய போகணும். இங்க பன்னெண்டையும் சிலிக்கோன் பசை வச்சி அடைச்சிருக்கு. அழகா அடைச்சிருக்கு, ஒரு சொட்டு வெளிய வராது."

ஜெகபருக்குத் தெரியும் யார் என்று.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சுகாதார அதிகாரிகள் அவர் கடையில் கரப்பான் பூச்சி கண்டு பதினான்கு நாள் பூட்டு போட்டார்கள். பூட்டின் மேல் ஒட்டிய தாளை ஊரே நின்று படித்துவிட்டுப் போனது. அந்த அவமானத்தில் அவருக்கு ஓட்டை என்றாலே ஆகாமல் போய்விட்டது. சுவர், தொட்டி, குழாய், கதவுச் சட்டம், எங்கே துளை கண்டாலும் சிலிக்கோன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் அடைத்தார். அந்த வாரமே காரின் கார்பெட்டிலிருந்து ஒரு கரப்பான் ஓடிவந்து அவர் மடியில் ஏறியது. அன்று சாயங்காலமே காருக்கு அடியில் படுத்து, பன்னிரண்டு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாக அடைத்தார். அடைத்து முடித்து, கைதட்டிச் சிரித்தார். அதற்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை தார் மாதிரிக் கறுப்புப் பூச்சும் அடித்துவந்தார், துருப் பிடிக்கக் கூடாது என்று.

குணாளன் ஒரு கொக்கியால் சிலிக்கோனைத் தோண்டி இழுத்தார். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. வாளியை வைத்தார். வாளி நிறைந்தது. இரண்டாவது வாளி வைத்தார். பிறகு வெட்டும் சக்கரத்தால் சில்லைக் கீறித் திறந்தார். உள்ளே செதில் செதிலாகத் துரு, செத்த கரப்பான் பூச்சிகள். சேறு ஒரு சிட்டிகைகூட இல்லை.

ஜெகபர் குனிந்து வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். தினமும் ஆறு சட்டிக் குழம்புக்கு உப்புப் பார்க்கிற நாக்கு அது. உப்பு இல்லை. இரும்பு கசந்தது. கூடவே அவர் வெள்ளிக்கிழமை போடும் சோப்பின் காரல்.

"வெளிய விட வேண்டிய தண்ணியை நீங்க அடைச்சி வச்சி, வாரா வாரம் மேல ஊத்தியிருக்கீங்க. பொட்டி நெறைஞ்சா அது எங்க போகும்? கார்பெட்டுக்குத்தான் ஏறும். ஒங்க தம்பி ஓட்டுறதுக்கு முன்னாடியே ஏறியிருக்கும்," என்றார் குணாளன். அவருக்கு அந்தக் குடும்பக் கதை முழுதாகத் தெரியாது. தெரியாமலே தீர்ப்பை எழுதிவிட்டார்.

"குணா, வீட்டுலேர்ந்து போன் வந்தா உப்புத் தண்ணின்னு சொல்லிடுங்க."

குணாளன் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "கேக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன் பாய். கேட்டாங்கன்னா உள்ளதைத்தான் சொல்வேன்."

சாயங்காலம் வீட்டில் ஃபரீஹா ஓடிவந்து கேட்டாள். ஜெகபர் செருப்பைக் கழற்றியபடி, "சேறு. முழங்கை ஆழத்துக்கு," என்று சொன்னார். அவள் முகம் வாடிவிட்டது. ஆரிஃபா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அன்று இரவு மட்டுமல்ல, அதற்கடுத்த நாட்களிலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தார். ஒன்பது வருடம் நிமிர்ந்து நின்ற கழுத்து, பெற்ற மகள் முன்னால் வளைய மறுத்தது. அழைப்பிதழ்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் போயின. கூலாய்க்குப் போகவில்லை.

பத்தாவது நாள் கார் தயார் என்று குணாளன் சொன்னார். முதல் சவாரி எனக்குத்தான் என்று ஃபரீஹா கூடவே கிளம்பினாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கார் புதுசாக மின்னியது. குணாளன் பெருமையோடு விளக்கினார். அழுகின தகரத்தை நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எறிந்தாயிற்று. மேலே புட்டிப் பசை பூசி மறைக்கும் வேலை இல்லை, புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தது. உள்ளே துருவுக்கு மருந்து, அதற்கு மேல் மெழுகு. "ஓட்டையெல்லாம் தெறந்து விட்டிருக்கேன். கழுவினதும் குனிஞ்சு பாருங்க, தண்ணி சொட்டணும். சொட்டலன்னா கம்பி விட்டுக் குத்துங்க. அவ்வளவுதான் வைத்தியம்."

பிறகு ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வெட்டி எடுத்த பழைய சாமானை வாடிக்கையாளர் கண்ணில் காட்டாமல் அனுப்பினால் ஏமாற்றிவிட்டான் என்பார்கள். அதனால் எல்லாப் பட்டறையிலும் இது வழக்கம். ஜெகபர் அதை மறந்துபோயிருந்தார்.

ஃபரீஹா பெட்டியைக் கிளறினாள். "சேறு எங்க அங்கிள்?"

"என்ன சேறு?" என்றார் குணாளன். கேட்டுவிட்டு ஜெகபரைப் பார்த்தார், பிறகு பார்வையைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் பன்னிரண்டு சிலிக்கோன் அடைப்புகள். ஒரு பக்கம் தார்க் கறுப்பு, இன்னொரு பக்கம் வெள்ளை. அவள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை அடைக்குறப்ப டார்ச் லைட் பிடிச்சது நான்தான் வாப்பா. எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் தரையைப் பார்த்தார்.

"போற வழியிலதான் கூலாய் இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு, பையோடு காரில் ஏறி உட்கார்ந்தாள்.

ஷாநவாஸ் மதிய வேலைக்குக் கிளம்பி, பஸ் ஓட்டுநர் சட்டையோடு தன் வீட்டுக் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தான். சிவப்புக் காரைக் கண்டதும் அவன் கை தானாகச் சட்டைப் பித்தானைச் சரிசெய்தது. தலையில் நரை விழுந்திருந்தது. சலாம் சொன்னான். ஜெகபர் பதில் சொல்லி, கேட்டுக் கம்பிக்கு இடையில் ஓர் அடைப்பை நீட்டினார்.

"நான்தான் அடைச்சேன். தண்ணி அதனாலதான் தேங்குச்சு. உன் மேல ஒரு தப்பும் இல்லடா. பிள்ளை நிக்காஹுக்கு வா."

ஷாநவாஸ் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவன் உதடு கோணியது, கண் நிறைந்துவிட்டது. "உள்ள வாங்க நானா," என்று சொல்லி, கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தான். அப்போது சும்மா, பேச்சுக்குக் கேட்கிறவன்போலக் கேட்டான்: "எப்பத் தெரிஞ்சுச்சு? இன்னிக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பின்னால் ஃபரீஹா நின்றாள். ஜெகபர் உள்ளதைச் சொன்னார்:

"பத்து நாளாச்சு."

தாழ்ப்பாளில் இருந்த கை அப்படியே நின்றது.

"ஒம்போது வருஷம் உங்களுக்குத் தெரியாது. அதை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் நானா, சத்தியமா. தெரிஞ்ச பிறகும் பத்து நாள் என்னைக் குத்தவாளியாவே வச்சிருந்தீங்களே. இதுக்கு நான் என்ன செய்யிறது?"

தாழ்ப்பாளை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்தான். "உனக்கு என் துஆ எப்பவும் இருக்கும்மா. நீ மூவாருக்கு மாப்ள வீட்டுக்குப் போனதும் சாச்சா வந்து பாக்குறேன். உங்க வாப்பா வீட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாத." வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தான். அடைப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஃபரீஹா வாப்பாவோடு ஏறாமல், வாடகைக் கார் பிடித்து வீட்டுக்கு வந்தாள். நிக்காஹ் அன்று மாப்பிள்ளையும் அவளும் மாப்பிள்ளை வீட்டு வேனில் போனார்கள். சிவப்புக் கார் கடையின் பின்சந்திலேயே நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெகபர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காரைக் கழுவினார். கழுவிவிட்டுக் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு ஓட்டைகளிலும் தண்ணீர் ஒழுங்காகச் சொட்டியது. கார்பெட் காய்ந்து கிடந்தது. பக்கத்து சீட்டும் காய்ந்து கிடந்தது. பள்ளிவாசலுக்கு வருகிறாயா என்று கூப்பிட, வேலையாட்களைத் தவிர கடையில் அவருக்கு யாரும் இல்லை.