இடம்பெயர்க்கலாகாத கரடி

மூன்றாம் சோதனைக் குழியில் வெளிப்பட்ட அடுப்பு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது; அதில் தணல் அணையாமலிருந்தது. மண்ணைத் துடைத்த தூரிகை கருகிய பிறகே தொல்லியலாளர் அதைக் கவனித்தார். விலங்குக் காட்சிச்சாலையை விரிவாக்குமுன் பக்கத்துத் தரிசில் குழிதோண்டிப் பார்க்க வேண்டும், பழம்பொருள் இல்லையென்றால்தான் கட்டலாம் என்பது விதி. முதலிரு குழிகளும் வெறுங்களிமண்ணாக இருந்ததில் பெரிதும் மகிழ்ந்தவர் கரடிக் காப்பாளர். திரும்பினால் முதுகு உரசும் கூண்டில் பல்லாண்டாக வட்டமிட்டுவந்த குண்டம்மா என்ற பெண்கரடிக்கு அந்தத் தரிசையே அவர் நம்பியிருந்தார். தொல்லியலாளரோ அந்தக் காப்பாளரின் மனைவி. சாப்பாட்டுத் தூக்கோடு குழியோரம் வந்த காப்பாளர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு குடம் தண்ணிய ஊத்தி மண்ணைத் தள்ளிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க."

"வீட்டு அடுப்பு நாலு குச்சி கிழிச்சாலும் பத்தமாட்டேங்குது. இது மட்டும் ரெண்டாயிரம் வருஷமா எரியுதாக்கும்!"

"இதை மூட்டுனவ புருஷன் காஞ்ச விறகா கொண்டுவந்திருப்பாரு."

காப்பாளர் ரோஷத்தோடு தாமே தண்ணீரை ஊற்றினார். அது கொதித்தது; வேலையாட்கள் தேநீர் போட்டுக்கொண்டனர்.

மறுநாள் அடுப்பருகே தரையைச் சுரண்டியபோது, பருத்த உடலொன்று படுத்தெழுந்த பள்ளம் தெரிந்தது. இடது முன்னங்கால் தடத்தில் ஒரு நகம் இல்லை. "இது நம்ம குண்டம்மா காலு" என்றார் காப்பாளர், குரல் இறங்கி. அன்று பிற்பகலே குண்டம்மா, பூட்டு பூட்டியபடியிருக்க, கம்பிகளுக்கிடையே புகைபோல் வெளியேறி, சீட்டு வாங்க நின்றவர்களின் வரிசையைக் குலைக்காமல் சுற்றிவந்து, அந்தப் பள்ளத்தில் படுத்தது. மயிரிழைகூட இடைவெளியில்லை.

காட்சிச்சாலை இயக்குநர் வலையோடு ஓடிவந்தார். தொல்லியலாளர் குறுக்கே நின்றார்.

"கண்டெடுத்ததை எடுத்த இடத்தைவிட்டு நகர்த்தக் கூடாது சார். சட்டம்."

"இன்னிக்குக் காலைவரைக்கும் என் கூண்டுல இருந்துச்சேம்மா!"

"அதுக்கு முன்னாடி இங்கதான் இருந்திருக்கு. படுக்கை பொருந்துது பாருங்க."

பணிக்காலத்தில் ஒரு பொய்யும் எழுதாதவர் என்பதால் தொல்லியல் துறை அவரை நம்பியது. தரிசு முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. காட்சிச்சாலை கேட்டதைவிட அகலமாக வேலி வந்தது. இயக்குநர்கள் பலர் வந்து போயினர். கரடிக்கு மூப்பு வரவில்லை; பகலெல்லாம் வேலியோரம் உலவி, மாலையில் அடுப்படிக்குத் திரும்புகிறது. தொல்பொருளுக்கு உணவிடக் காப்பாளர் நாள்தோறும் மனைவியிடம் அனுமதி கேட்கிறார். அவர் தோளிலுள்ள விறகு காய்ந்ததுதானா என்று தட்டிப் பார்த்த பிறகே மனைவி வேலிக் கதவைத் திறக்கிறார்.