முன்வரிசைப் பனி

தெற்குக் கண்டத்துத் தங்கச் சுரங்க ஊரான பல்லாரட்டில், நிழலிலேயே நூற்றுப் பத்து டிகிரி வெயில் அடித்த ஜனவரிக் கோடையில், நாடகக் கொட்டகையின் முதல் மூன்று வரிசைகளில் மட்டும் வெண்பனி பெய்தது. பின்திரையில் ஓவியர் ஹால்வோர் வரைந்திருந்த நார்வே மலையிலிருந்து அது வந்தது. முதல் நாள் ஒருவரும் கைதட்டவில்லை. தொப்பிகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேவாலயத்தில்போல உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே முதலாளி பெல்லமி முன்வரிசைக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்.

தங்கம் தோண்ட நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து, மண்ணைத் தவிர எதுவும் கிடைக்காமல் தூரிகையைப் பிடித்தவர் ஹால்வோர். பதினோரு வருஷத்தில் அவருடைய கடல் பலர் காலணியை நனைத்திருக்கிறது. அவருடைய ஆரஞ்சுத் தோப்புக்குத் தேனீக்கள் வந்திருக்கின்றன. நாடகம் மாறும்போதெல்லாம் திரையைக் கழுவி அடுத்ததை வரையச் சொல்வார்கள். அவரும் கழுவிவிடுவார்.

அந்தத் திரைத்துணியைத் தைத்தவள் ஓனோரா. அவளுடைய ஆறு வயது மகள் டில்லிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். உடம்பு குளிர்ந்தால் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். ஓனோரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள்.

"முன்னாடி எல்லாம் வித்தாச்சு. மாடிக்குப் போ," என்றார் பெல்லமி.

"திரை நான் தச்சது, முதலாளி."

"நாற்காலியையும் நீயா தச்சே?"

தகரக் கூரைக்கு அடியில், சுரங்கத் தொழிலாளிகளும் சலவைக்காரிகளும் நெருக்கியடித்த மாடியில் அவள் நின்றாள். "கீழ பாரு, அவங்களுக்கு மூக்கு ஒழுகுது, நமக்கு வேர்வை ஒழுகுது," என்றான் ஒருவன். இடைவேளையில் வழக்கம்போல ஓவியரைக் கூப்பிட்டுக் கூச்சல் போட்டார்கள். ஹால்வோர் மேடைக்கு வந்து குனிந்து வணங்கினார்.

ஓனோரா மேலிருந்து கேட்டாள்: "ஏன்யா, உங்க ஊர்ல பனி பணக்காரங்க மேல மட்டும்தான் விழுமா?"

அவர் தன் மலையைத் திரும்பிப் பார்த்தார். "இல்லம்மா. நான் காத்தை வரைய மறந்துட்டேன்."

எல்லோரும் பார்க்க ஏணி போட்டு ஏறி, திரையிலிருந்த பைன் மரங்களின் நுனிகளைத் தூரிகையால் ஒவ்வொன்றாக மாடிப் பக்கம் சாய்த்தார். வேலை போய்விடும் என்று பெல்லமி கத்தினார், போகவும் செய்தது. பதினோராவது மரம் சாய்ந்தபோது விளக்குகள் படபடத்தன. பனி முன்வரிசைகளைத் தொடாமல் அவற்றின் தலைக்கு மேலாகப் பறந்து, மாடி ஏறி, ஆறு பென்னிச் சீட்டுக்காரர்கள்மேல் சத்தமில்லாமல் இறங்கியது. சலவைக்காரிகள் வெந்த கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

டில்லி கண் திறந்தாள். "அம்மா, குளுருது."

ஓனோரா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, அந்த ஜனவரியில் அந்த ஊரில் யாருமே கேட்டிராத ஒன்றை வரிசை வரிசையாகப் போய்க் கேட்டாள்: "யார்கிட்டயாவது கம்பளி இருக்கா?"